கேட்டலும் விருந்தோம்பலே



பெருவிழாவின் எட்டாம் நாளாகிய இன்று அறுபத்துமூவர் எழுந்தருளுகின்றனர். அலங்காரம் முடிந்து மேளம் தொடங்க இன்னும் ஒரு நாழிகைக்கு மேல் ஆகும் என்று அர்ச்சகப் பெருமக்கள் சொல்லி அனுப்பியிருக்கின்றனர். அந்த நாழிகையை அடியேனுக்குத் தந்திருக்கிறீர்கள். பேச எடுத்துக்கொண்ட பொருளோ கேட்டல். கேட்டலைப் பற்றி ஒருவன் ஒலிபெருக்கியின் முன் நின்று பேசுவது சற்று நகைப்பிற்கு இடமானதுதான். மேடையேறியவன் பிறர் சொல்லைக் கேட்பதில்லை என்பது உலகறிந்த செய்தி. பொறுத்தருள்க.

சிறிது நேரத்தில் வீதிக்கு எழுந்தருளப் போகும் அந்த வரிசையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வேட்டுவர் இருக்கிறார், பரதவர் இருக்கிறார், மட்கலம் வனைந்தவர், ஆடை வெளுத்தவர், யாழ் மீட்டியவர், முடி கவித்தவர், மறை ஓதியவர் எல்லாரும் இருக்கின்றனர். இவர்கள் ஓர் ஊரினர் அல்லர். ஒரு தொழிலினர் அல்லர். உண்ட உணவும் ஒன்றன்று. பேசிய பேச்சும் ஒன்றன்று. இத்தனை பேருடைய சொல்லையும் ஒரே பெருமான் கேட்டான். நாமோ நம் தெருவார் சொல்வதைக் கேட்கவே இடர்ப்படுகிறோம். வழி கேட்டு நம்மிடம் வருபவர் நம் வழக்கம் அறியாதவராக, நம் மொழியில் தடுமாறுபவராக, நம் ஆசாரத்துக்குப் புறம்பானவராக இருப்பின் அவரை எங்ஙனம் எதிர்கொள்வது? அதுவே இன்று நாம் சிந்திக்க இருப்பது.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். புதுவதாக இயற்றப்படும் நூலின் வனப்புக்கு விருந்து என்றே பெயரிட்டார் தொல்காப்பியர். மாமனும் மைத்துனனும் வந்து உண்டு செல்வதை விருந்து என்று இன்று வழங்குகிறோம். முன்பின் அறியாதவர் வருவதன்றோ விருந்து! இனிக் கேள் என்ற சொல்லைப் பாருங்கள். செவியால் ஏற்பதும் கேட்டல், வினாவுவதும் கேட்டல், பெயராக நிற்குங்கால் கேள் என்பது உறவு. கேளிர் என்றால் உறவினர். வேர் ஒன்றோ, பலவோ, அதனை மொழிநூலார்க்கு விட்டுவிடுவோம். புதியவராய் வந்தவரை உறவாக்குவது கேட்டல் என்று கொள்வதற்குத் தமிழ் நமக்கு இடம் தருகிறது. அது போதும்.

நம் சித்தாந்தம் ஞான நெறியைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்காக வகுக்கும். அங்கே கேட்டல் மாணாக்கன் கடமை. ஆசான் கூறுவான், மாணாக்கன் கேட்பான். இஃது உண்மையே. ஆயினும் ஆசான் வாய் திறப்பதற்கு முன் ஒன்று நிகழ வேண்டியிருக்கிறது. வந்தவன் எதைச் சுமந்து வந்தான் என்று அவன் கேட்டாக வேண்டும். நோயாளி பேசி முடிக்குமுன் மருந்தெழுதும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. வினா முடியுமுன் விடை தரும் சமயப் பெரியவரை மட்டும் மேதை என்று போற்றுகிறோம்!

இளையான்குடி மாறனார் வரலாறு நீங்கள் அறிந்ததே. விதைநெல்லை வாரி வந்து அமுதாக்கிய செயலையே எல்லாரும் விரித்துப் பேசுவர். அதற்கு முன் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெருமான் காட்டுகிறார். நாம் விரைந்து கடந்து விடுகிறோம். மழை பொழியும் நள்ளிரவு. வறுமையால் அடுப்பு எரியாத வீடு. கதவருகே ஓர் அடியார். மாறனார் முதலில் செய்தது என்ன? நனைந்த திருமேனியின் ஈரத்தைத் துடைத்தார். பிறகு இருக்க இடம் கொடுத்தார். அதன் பிறகே உணவைப் பற்றி மனைவியாரோடு கலந்தார். ஊர் எது, பெயர் எது, எந்த மரபினர் என்ற வினா எதுவும் அங்கு இல்லை. ஈரம் துவட்டல், இடம் கொடுத்தல், அமுது படைத்தல் என்னும் வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உபதேசம் என்பது அமுது. அஃது எவ்வளவு உயர்ந்ததாயினும் நடுங்கிக்கொண்டு நிற்பவர் முன் இலையை விரிப்பது விருந்தோம்பல் ஆகாது. ஈரம் துவட்டும் துணியே செவி.

இனிக் காளத்திக்கு வருவோம். இன்று ஆந்திர மாநிலத்தில் பொன்முகலி ஆற்றங்கரையில் விளங்கும் அத்தலத்தில் இரண்டு வழிபாடுகள் ஒன்றை ஒன்று அறியாமல் நடந்தன. சிவகோசரியார் ஆகம முறைப்படி நாளும் பூசித்தவர். திண்ணனாரோ உடுப்பூர் வேடர் தலைவன் நாகனின் மகன். வில்லும் நாயும் பன்றியும் அறிந்தவர். எழுத்தறியார், மந்திரம் அறியார். மலைமேல் தனித்திருந்த குடுமித் தேவரைக் கண்டதும் அவர் உள்ளத்தில் எழுந்த முதல் எண்ணம், இவர் இங்கே தனியே இருக்கிறாரே, பசித்திருப்பாரே, விலங்கு வந்தால் துணை யார் என்பது. தத்துவம் எதுவும் அங்கு இல்லை. விருந்தோம்புவான் ஒருவனுடைய கவலையே அது!

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திண்ணனார் செய்த பூசையை அவர் தாமே படைத்துக்கொண்டார் என்று பலர் எண்ணுகின்றனர். உடன் வந்த நாணன், முன்னொரு நாள் ஒரு பார்ப்பார் இத்தேவரைக் குளிர்ந்த நீரால் ஆட்டி, இலையும் பூவும் இட்டு, உணவூட்டிச் சில சொற்களும் சொல்லக் கண்டதாகக் கூறினான். திண்ணனார் அதனைக் கேட்டார். இவையே தேவர்க்கு இனியவை போலும் என்று மனத்திற் கொண்டார். நீர் வேண்டும் என்று கேட்டவர் வாயில் நீர் முகந்து வந்தார். கையில் வில்லும் இறைச்சியும் இருக்க வேறு கலம் ஏது? பூ வேண்டும் என்று கேட்டவர் தலைமயிரிற் செருகி வந்தார். உணவு வேண்டும் என்று கேட்டவர் பதம் பார்த்துச் சுவையான ஊனைத் தேர்ந்து இலைக்கல்லையில் கொணர்ந்தார். சிவகோசரியாரின் பூசையைத்தான் அவர் செய்தார். நீராட்டல், மலர் சூட்டல், அமுதூட்டல் என்னும் மூன்றும் அப்படியே இருக்கின்றன. மொழி மட்டும் வேட்டுவ மொழி.

மறுநாள் சிவகோசரியார் வந்தார். இறைச்சியும் எலும்பும் கண்டு பதைத்து விலகினார். இந்த அநுசிதத்தைச் செய்தவர் யாரோ என்று அரற்றினார். அவர் துயரத்தை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது. மேடைகளில் அவரைக் கேலிக்கு உரியவராகக் காட்டி நகை விளைவிப்பார் உளர். அது நன்றன்று. வாழ்நாள் முழுதும் தூய்மையாகக் காத்த இடம் மாசுபட்டதே என்று அழுதவர் அவர், அவ்வழுகையும் அன்பே. அலகிட்டுத் தூய்மை செய்து, மீண்டும் ஆற்றில் மூழ்கி, முறைப்படி பூசித்துச் சென்றார். அடுத்த நாளும் அவ்வாறே. ஒருவர் படைப்பதை மற்றவர் நீக்குவார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஒரு சொல் பேசியதில்லை. இரு வேறு பண்பாட்டினர் ஓரிடத்தே வாழுங்கால் நிகழ்வதன் படம் இதைவிடத் தெளிவாக எங்கும் வரையப்படவில்லை என்பது அடியேன் கருத்து.

பெருமான் என்ன செய்தான்? வேடனைத் தடுக்கவில்லை. அந்தணரைச் சினக்கவும் இல்லை. இருவருடைய முறையீட்டையும் கேட்டுக்கொண்டிருந்தான். பின்னர்ச் சிவகோசரியார் கனவில் தோன்றித் திண்ணனாரின் ஒவ்வொரு செயலுக்கும் பொருள் உரைத்தான். வாயினின்று உமிழ்ந்த நீர் கங்கையினும் தூயது, தலையினின்று உதிர்த்த மலர் தேவர் தூவும் மலரினும் உயர்ந்தது, அவன் ஊட்டும் ஊன் வேள்வி அவியினும் இனியது, அவன் பேசும் பேச்சு முனிவர் ஓதும் தோத்திரத்தினும் செவிக்கு உவப்பானது என்பது அவ்வுரையின் சாரம். ஒருவர் மொழியை மற்றவர் மொழியில் பெயர்த்துச் சொல்லும் துபாஷியாக இறைவனே நின்ற இடம் அது. கங்கையும் அவியும் தோத்திரமும் சிவகோசரியாருக்குத் தெரிந்த பொருள்கள் அல்லவா? அவர் அறிந்தவற்றைக் கொண்டே அவர் அறியாததை அவருக்கு உணர்த்தினான்.

அதனோடும் விடவில்லை. நாளை நீ என் பின்னே மறைந்திருந்து பார் என்றான். பார் என்றதோடு, மறைந்திரு என்றும் பணித்தது கருதத்தக்கது. வெளிப்பட்டு நின்றால் சிவகோசரியார் பேசியிருப்பார், திருத்தியிருப்பார். ஆறாம் நாள் அந்தணர் வாய் பேசாது நின்றார். குருதி வடிந்த கண்ணுக்குத் தம் கண்ணை இடந்து அப்பியவரையும், மறு கண்ணையும் இடக்கத் துணிந்த அக்கையைப் பெருமான் திருக்கரம் பற்றித் தடுத்ததையும் கண்டார். கற்ற ஆகமங்கள் காட்டாத ஒன்றை அந்த மௌனம் அவருக்குக் காட்டிற்று.

இது பழங்கதை, இந்நாளில் இப்படிக் கேட்டவர் உண்டா என்று இளைஞர்கள் வினவலாம். உண்டு. திருவண்ணாமலையில் வாழ்ந்த இரமண மகரிஷிகளின் வரலாற்றிலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன். இளமையில் அவர் உள்ளத்தை உருக்கிய நூல் பெரிய புராணமே. கண்ணப்பர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால் பிற்காலத்திலும் நாத் தழுதழுத்து நிறுத்திவிடுவார் என்று உடனிருந்தோர் எழுதியிருக்கின்றனர்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அருணையை அடைந்த அவ்விளைஞருக்குத் தொண்டு செய்ய வந்தவர் பழனிசாமி என்னும் மலையாள அன்பர். அவர் ஊருக்குள் சென்று தமிழ் ஞான நூல்களை இரவல் வாங்கி வருவார். தமிழ் அவருக்கு எளிதில் ஓடாது. ஒவ்வொரு வரியோடும் மல்லாடுவார். அதனைக் கண்ட இளந்துறவி அந்நூல்களைத் தாமே வாங்கிப் படித்து, சாரத்தை அவருக்கு விளங்கும்படி எடுத்துரைத்தார். கற்க வேண்டும் என்ற விருப்பத்தால் அவர் அந்நூல்களைக் கற்கவில்லை. பிறமொழியாளர் ஒருவர் படும் இடர்ப்பாடு கண்டு கற்றார்! பின்னாளில் தமிழோடு வடமொழி, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் பாடல் இயற்றும் அளவுக்கு அவருக்குப் புலமை வாய்த்தது. வந்தவர் மொழிக்கு ஆசான் சென்றார் என்பதைக் கவனியுங்கள்.

1902ஆம் ஆண்டளவில் வருவாய்த் துறை அலுவலரான சிவப்பிரகாசம் பிள்ளை விரூபாட்சி குகைக்குச் சென்று வினாக்கள் விடுத்தார். மகரிஷிகள் அப்போது பேசுவதில்லை. சைகையாலும் எழுத்தாலும் விடையிறுத்தார். அவ்விடைகளே பின்னர் நான் யார் என்னும் சிறு நூலாயின. இன்று உலகெங்கும் படிக்கப்படும் அந்நூல் ஒருவர் கேட்டதனால் பிறந்தது. தாமாக ஒரு நூல் எழுதி உலகுக்கு வழங்குவோம் என்று அவர் அமரவில்லை.

1911ஆம் ஆண்டில் அக்குகைக்கு ஹம்ப்ரீஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர் வந்தார். வேலூரில் காவல்துறைப் பணிக்கு வந்தவர். சித்து வேலைகளிலும் மறைபொருள்களிலும் நாட்டம் மிக்கவர். காலமோ வெள்ளையர் ஆட்சிக் காலம். ஆள வந்த இனத்தவர் ஒருவர், அதிலும் காவல் அதிகாரி, கோவணம் அணிந்த துறவியின் முன் வந்து அமர்ந்தார். காவிய கண்ட கணபதி முனிவர் உடன் சென்றிருந்தார். நெடுநேரம் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கண்களையே நோக்கியிருந்ததாக ஹம்ப்ரீஸ் பின்னர் எழுதினார். சின்னஞ்சிறு குழந்தைகள் தாமாகவே மலையேறி வந்து மகரிஷிகள் அருகே இருந்துவிட்டுப் போவது அவர் உள்ளத்தைத் தொட்டது. கண்ணனும் இயேசுவும் செய்த அற்புதங்களை நானும் செய்ய இயலுமா என்று அவர் கேட்டார். நம்மவருள் ஒருவர் அங்கே இருந்திருந்தால் இயேசுவின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு வாதம் தொடங்கியிருப்பார். அல்லது சித்துகளின் இழிவு பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தியிருப்பார். மகரிஷிகளோ அவர் சொன்ன அவ்விருவரையுமே எடுத்துக்கொண்டு, செய்பவன் நான் என்ற எண்ணம் அவர்களுக்கு அப்போது இருந்ததா என்று திருப்பிக் கேட்டார். வந்தவருடைய வினாவுக்குள்ளேயே இருந்த வழியைக் காட்டினார். அந்த ஹம்ப்ரீஸ் பிற்காலத்தில் கத்தோலிக்கத் துறவியானார். மகரிஷிகள் அவருக்குத் திருநீறு தரித்துப் பெயர் மாற்றவில்லையே என்று குறைபடுவார் இருக்கலாம். வந்த விருந்தினரை நம் வீட்டுப் பிள்ளையாக எழுதிக்கொள்வதற்காகவா சோறு போடுகிறோம்?

இந்நாளில் நம் கோயில்களுக்கு இலண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் பிள்ளைகள் வருகின்றனர். நம் இரத்தமே, ஆயினும் விருந்தினர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருக்கோயில் விழாவுக்கு அப்படி ஓர் இளம்பெண் வந்தாள். பெற்றோர் யாழ்ப்பாணத்தார், அவள் பிறந்து வளர்ந்தது கனடாவில். மண்டபத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவரை அணுகி, தமிழும் ஆங்கிலமுமாக ஏதோ கேட்கத் தொடங்கினாள். தந்தை என்ற சொல் வந்தது. அதற்குமேல் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் பெரியவர் புகுந்தார். நெற்றி ஏன் வெறுமையாக இருக்கிறது, தமிழ்ப் பிள்ளை தமிழ் பேச வேண்டாமா என்று தொடங்கித் திருநீற்றின் மாண்பு, தாய்மொழியின் சிறப்பு எனக் கால் மணி நேரம் பொழிந்தார். அவர் சொன்னவற்றுள் பிழையென்று ஒன்றும் இல்லை, நல்ல அமுதே. அவள் கைகூப்பி விடைபெற்றாள்.

கோபுர வாயிலில் பூக்கட்டி விற்கும் மூதாட்டி ஒருவர் அவள் முகத்தைக் கண்டார். "சாப்பிட்டாயா கண்ணு? இப்படி உட்கார்" என்று கூடையை ஒதுக்கி இடம் கொடுத்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அவள் தானே சொன்னாள். தந்தை மருத்துவமனையில் உயிர் நீத்த இரவில் அருகிருந்தவள் அவள் ஒருத்தியே. அந்நேரத்தில் காதில் தேவாரம் ஓத வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். ஒரு பதிகமும் அவளுக்குத் தெரியாது. தெரிந்தது பள்ளியில் கற்ற ஆங்கிலப் பாட்டு ஒன்றே. அதைத் தந்தையின் காதில் பாடினாள். அது பாவமா, அப்பாவின் உயிர் வழி தவறிப் போயிருக்குமா என்பதே அவள் கடல் கடந்து சுமந்து வந்த கேள்வி. மூதாட்டி, "என்ன பாட்டு அது? பாடு, கேட்போம்" என்றார். அவள் பாடினாள். ஒரு சொல்லும் விளங்காத அப்பாட்டை முடியும் வரை கேட்டுவிட்டு, கட்டிய சரத்தில் ஒரு முழம் கிள்ளி அவள் தலையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

மறுநாள் அவள் அடியேனிடம் வந்து இவற்றையெல்லாம் கூறினாள். பெயர் சுட்டாமல் பிறர்க்கு எடுத்துச் சொல்லலாம் என்று அவளே இசைந்ததால் இங்குச் சொல்லுகிறேன். இல்லையேல் சொல்லியிரேன். விருந்தினர் எத்தனை நாள் பசியோடு வந்தார் என்பதை ஊர்க் கிணற்றடியில் பேசுபவர் விருந்தோம்பியவர் அல்லர். அடியேன் அவளுக்குக் கண்ணப்பர் வரலாற்றைச் சொன்னேன். வேடர் பேச்சைத் தோத்திரத்தினும் உவந்து கேட்டவன் மகளின் பாட்டைக் கேளாமல் இருந்திருப்பானா என்றேன். அவள் விரும்பியதால் திருவைந்தெழுத்தையும் சொல்லிக் கொடுத்தேன். மூதாட்டி ஈரம் துவட்டி வைத்திருந்ததால் அது உள்ளே சென்றது.

ஒரு தடை எழும். வருவோர் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் நம் ஆசாரம் என்னாவது, எல்லாம் சரி என்று ஆகிவிடாதா? நியாயமான அச்சமே. ஆனால் காளத்தியில் பெருமான் சிவகோசரியாரை நோக்கி, உன் பூசையை விட்டுவிடு, நீயும் ஊன் படை என்று சொன்னானா? இல்லை. அவர் ஆசாரம் அவரிடமே இருந்தது. கேட்டல் வேறு, உடன்படுதல் வேறு. ஹம்ப்ரீஸ் நாடியது சித்து. மகரிஷிகள் அதற்கு வழி சொல்லவில்லை. தனக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யத் துணிந்து வருபவரிடம் விரைந்து பேசித் தடுக்கவே வேண்டும். அங்கு மௌனம் குற்றமாகும். தன் வீட்டில் தூண் உறுதியாக இருப்பவனே வாயிற்கதவைத் திறந்து வைப்பான். கதவைத் திறந்தால் கூரை விழுந்துவிடும் என்று அஞ்சுபவன், பழுது பார்க்க வேண்டியது கூரையை.

அறுபத்துமூவருள் சேரமான் பெருமாளுக்குக் கழறிற்றறிவார் என்று ஒரு திருப்பெயர். எவ்வுயிர் எதனைக் கழறினும் அதனை அறியும் வரம் பெற்றவர் என்பது பொருள். அரசு ஏற்குமுன் அவருக்குக் கிடைத்த வரம் அது. காஞ்சியில் ஆடை வெளுத்தவரோ திருக்குறிப்புத் தொண்டர். அடியார் வாய் திறவாதபோதும் குறிப்பறிந்து தொண்டு செய்தவர். சொல்வதை அறிதல் ஒருவர் பெயர். சொல்லாததை அறிதல் மற்றவர் பெயர். மொழி தெரியாதவர் எதிரே வந்து நிற்கும்போது நமக்கு இந்த இரண்டாமவர் துணை மிகுதியும் வேண்டும். இவரைப் பற்றித் தனியே ஒரு நாள் பேச வேண்டும், இன்று நேரமில்லை.

மேளம் கேட்கிறது. வரிசையில் கண்ணப்ப நாயனார் வில்லேந்தி வருவார். சிவகோசரியாரை அங்கே தேடாதீர்கள். அவர் அறுபத்துமூவருள் ஒருவர் அல்லர். வாயிலருகே நிற்பவர்கள் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தோருக்கு முன்னே சிறிது இடம் விடுங்கள். அவர்கள் இவ்விழாவை முதன்முறையாகக் காண்கின்றனர்.

திருச்சிற்றம்பலம்.